சக்கைக்கு எத்தனை அணா?

செஞ்சிக் கோட்டை ராஜா தேசிங்கு 1714-இல் ஆற்காட்டு நவாபோடு மோதிச் செத்தார். வயது 22. மானத்துக்காகச் செத்தார், வீரத்துக்காகச் செத்தார் என்று கூத்தில் விடிய விடியப் பாடுவார்கள். கணக்குப்பிள்ளையைக் கேட்டால் கப்பப் பாக்கி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். தேசிங்கின் குதிரையைப் பற்றியும் பாட்டுக்குப் பஞ்சமில்லை. அந்தக் குதிரைக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதை மட்டும் யாரும் பாடிக் கேட்டதில்லை.

பாவம், அளவுகோல் அப்போது பிறக்கவில்லை. இயந்திரம்தான் பிறந்திருந்தது. 1712-இல் தாமஸ் நியூகோமன் என்கிற இரும்புச் சாமான் வியாபாரி, இங்கிலாந்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க நீராவி இயந்திரம் ஒன்றைக் கட்டிக்கொடுத்தார். அது தின்ற கரிக்குக் கணக்கு வழக்கே கிடையாது. கரிச் சுரங்க வாசலிலேயே நின்று கரியைத் தின்றதால் யாரும் கணக்குக் கேட்கவும் இல்லை.

கணக்குக் கேட்டது ஜேம்ஸ் வாட். 1769-இல் காப்புரிமை வாங்கி, போல்டன் என்கிற முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து, கார்ன்வால் பக்கத்துச் செம்பு, வெள்ளீயச் சுரங்கக்காரர்களிடம் போனார். அங்கே கரி கிடைக்காது, கப்பலில் வரவேண்டும். வாட் சொன்ன பேரம் இது: "எங்கள் இயந்திரத்தை வையுங்கள். பழைய நியூகோமன் இயந்திரம் இதே வேலைக்கு எவ்வளவு கரி எரித்திருக்குமோ, அதில் எவ்வளவு மிச்சமாகிறதோ, அந்த மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு." இயந்திரம் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ண ஒரு கருவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி வாட் கட்சியிடம். எரிக்காத கரிக்கு எதற்குக் காசு என்று சுரங்கக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். கடைசியில் இந்த ஏற்றஇறக்கமெல்லாம் வேண்டாம், ஒரு தொகையைப் பேசிக்கொள்வோம் என்று பல இடங்களில் முடிந்தது.

ஆக, ஓர் இயந்திரத்தின் செயல்திறனை ஒழுங்காக அளக்கவேண்டும் என்ற ஆசை அறிவியல் தாகத்தால் வந்ததில்லை. பில் போடுவதற்காக வந்தது. குதிரைத்திறனும் அந்த வகையறாதான். குதிரை கட்டி ஓட்டிய மதுபான ஆலைக்காரர்களுக்கு இயந்திரம் விற்க, 'இது இத்தனை குதிரைக்குச் சமம்' என்று சொல்லவேண்டியிருந்தது. நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று வாட் தாராளமாகவே எழுதிவைத்தார். நாள் முழுக்க அந்த வேகத்தில் இழுக்க நிஜக் குதிரையால் முடியாது. வாங்கினவன் 'இத்தனை குதிரை என்றாயே, குறைகிறதே' என்று சண்டைக்கு வரக்கூடாதல்லவா?

இந்தக் கதையெல்லாம் முண்டியம்பாக்கத்துக்காக.

விழுப்புரத்தில் திண்டிவனம் பக்கம் போகும் பாசஞ்சர் ஏறினால் முதலில் வருவது முண்டியம்பாக்கம். அப்புறம் விக்கிரவாண்டி, பேரணி, மயிலம், திண்டிவனம். இப்போது அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதால் ஊர்ப் பெயர் சொன்னதும் ஆஸ்பத்திரி நினைவுக்கு வருகிறது. அதற்கு முன் முண்டியம்பாக்கம் என்றால் சர்க்கரை ஆலை. இன்றைக்கு ராஜஸ்ரீ நிறுவனத்துடையது. அவர்களுக்கே செஞ்சிப் பக்கம் செம்மேட்டிலும் ஒன்று. பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு ஆலை. பழைய தென்னார்க்காட்டு எல்லைக்குள் இன்னும் கொஞ்சம் நடந்தால் எல்லாவற்றுக்கும் பாட்டியான நெல்லிக்குப்பம். பாரி கம்பெனி அங்கே சர்க்கரை காய்ச்சத் தொடங்கியது 1840-களில்.

அரவை நடக்கும் மாதங்களில் இந்த ஆலைகளின் வாசலில் டிராக்டரும் லாரியும் மாட்டுவண்டியும் வரிசை கட்டும். கரும்பு எடைமேடை ஏறும், பிழிபடும், சாறு ஒரு பக்கம் போகும், சக்கை இன்னொரு பக்கம் போகும். சக்கையை எரித்துக் கொதிகலனில் நீராவி. அந்த நீராவியை அழுத்தத்தோடு டர்பைனில் விட்டால் மின்சாரம். டர்பைனைச் சுற்றிக் களைத்து, அழுத்தம் குறைந்து வெளியே வரும் ஆவியையும் விடமாட்டார்கள். அதைக் கொண்டுபோய்ச் சாற்றைக் காய்ச்சுவார்கள். இதற்குப் பெயர் இணை மின் உற்பத்தி. ஒரே அடுப்பில் மின்சாரமும் ஆச்சு, பாகும் ஆச்சு. நெய்வேலி மாதிரி வெறும் அனல்மின் நிலையத்தில் 100 பங்கு வெப்பம் உள்ளே போனால் 30, 35 பங்குதான் மின்சாரமாகத் திரும்பும். மிச்சத்தில் பெரும்பகுதி குளிர்விப்புக் கோபுரத்தின் வழியே வானத்துக்குத் தானம்.

அப்படியானால் சர்க்கரை ஆலையின் செயல்திறன் எவ்வளவு? கேட்கச் சுலபமான கேள்வி. பதில் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். ஆலையிலிருந்து இரண்டு விதமான சரக்கு வருகிறது: மின்சாரம், வெப்பம். இரண்டையும் கூட்டவேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் ஒரு ரூபாய் என்றால், அதே அளவு வெப்பத்துக்கு எத்தனை அணா போடுவது? இருநூறு வருஷத்துச் சண்டை மொத்தமும் இந்த அணாவில்தான் இருக்கிறது.

முதல் பஞ்சாயத்து பிரான்சில். 1824-இல் சாடி கார்னோ என்கிற இளம் ராணுவப் பொறியாளர் நெருப்பின் இயக்கும் ஆற்றலைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதே 1824-இல்தான் நம் பாரி கம்பெனியின் தாமஸ் பாரி பரங்கிப்பேட்டையில் காலராவில் போனார். எட்டு வருஷம் கழித்துக் கார்னோவும் காலராவிலேயே போனார்; தொற்றிக்கொள்ளும் என்று அவர் காகிதங்களில் பெரும்பாலானவற்றையும் எரித்துவிட்டார்கள். வெப்பத்தைப் பற்றி எழுதினவருக்கு இப்படி ஒரு மரியாதை. புத்தகத்தையும் அப்போது யாரும் சீண்டவில்லை.

கார்னோ சொன்னது ஒரு பெரிய அவமானம். வெப்பத்தை முழுசாக வேலையாக மாற்றவே முடியாது. சூட்டுக்கும் சுற்றுப்புறத்துக்கும் உள்ள இடைவெளி எவ்வளவோ அதற்குத் தகுந்த பங்குதான் தேறும். அந்தக் கணக்கை இன்றைய அளவைகளில் நம் ஆலைக்குப் போட்டுப் பார்க்கலாம். டர்பைனிலிருந்து களைத்து வரும் ஆவி சுமார் 125 டிகிரி. வெளியே விழுப்புரத்து வெயில் 32 டிகிரி. இடைவெளி 93. அதை ஆவியின் தனி வெப்பநிலையான 398-ஆல் வகுத்தால் 23 சதவீதம் சொச்சம். ரூபாய்க்கு மூன்றே முக்கால் அணா. இந்த வெப்பத்தின் உண்மையான தரம் அவ்வளவுதான் என்கிறார் கார்னோ.

ஆலைக்காரர் ஒப்புவாரா? "ஐயா, சாறு கொதிக்க எனக்கு வெப்பம்தான் வேண்டும். வெப்பமாகவே முழுசும் பயன்பட்டுவிட்டது. பதினாறணா போடுங்கள்" என்பார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பாகு காய்ச்சுகிறவனிடம் போய்க் கார்னோ சுற்றைப் பற்றிப் பேசுவது வம்பு.

மூன்றே முக்காலுக்கும் பதினாறுக்கும் நடுவில் எட்டணா என்று கல்லைப் போட்டது அமெரிக்கா. 1973-இல் எண்ணெய் விலை ஏறி, பெட்ரோல் பங்குகளில் வண்டிகள் நின்று, அதிபர் கார்ட்டர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் வந்து சிக்கனம் பேசி, 1978-இல் 'பர்ப்பா' என்று செல்லமாக அழைக்கப்படும் சட்டம் வந்தது. மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தயாரிக்கும் ஆலைகளிடம் மின் கம்பெனிகள் மின்சாரம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றது அது. சலுகை என்று வந்ததும் தகுதித் தேர்வு வேண்டுமே? எண்ணெயும் எரிவாயுவும் எரிக்கும் ஆலைகளுக்கு விதி எழுதினார்கள்: கிடைத்த மின்சாரத்தோடு பயன்பட்ட வெப்பத்தில் பாதியைக் கூட்டு, அது எரிபொருளில் 42.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. வெப்பத்தின் பங்கு ரொம்பச் சின்னதாக இருந்தால் 45 சதவீதம். ஏன் பாதி? கார்னோ சொன்ன கால்வாசியும் இல்லை, ஆலைக்காரர் கேட்ட முழுசும் இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் படிந்த விலை மாதிரி இருக்கிறது எனக்கு.

தேர்வு என்று ஒன்று வந்துவிட்டால் கோனார் நோட்ஸ் வராமல் இருக்குமா? வெப்பம் குறைந்தபட்சம் 5 சதவீதமாவது பயன்படவேண்டும் என்று விதியில் இருந்தது. உடனே பெரிய மின் நிலையத்தைக் கட்டிவிட்டு, ஓரமாக ஒரு கண்ணாடிக் கொட்டகை போட்டுத் தக்காளி வளர்த்தவர்கள் கிளம்பினார்கள். வேறு சிலர் யாரும் கேட்காத வாலைவடிநீரைக் காய்ச்சி இறக்கினார்கள். தக்காளிக்குச் சூடு காட்டியதால் மின் நிலையம் 'இணை உற்பத்தி ஆலை' ஆகிவிட்டது. இவற்றுக்குப் 'பர்ப்பா மெஷின்' என்று கேலிப் பெயரே உண்டு. ஐரோப்பியர்கள் வேறு மாதிரி. டென்மார்க்கில் இணை உற்பத்தி வெப்பத்துக்கு 200 சதவீதச் செயல்திறன் என்று புள்ளிவிவரத்தில் எழுதிவைத்தார்கள். அதாவது ஒரு ரூபாய்ச் சரக்குக்கு எட்டணா எரிபொருள்தான் செலவு என்று பற்று எழுதுவது. இப்படி எழுதப் பெரிய மனசு வேண்டும்.

அமெரிக்காவின் எட்டணா டெல்லிக்கு வந்து சேர்ந்தது 1996 நவம்பரில். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1994-இல், கரும்புச் சக்கையில் மின்சாரம் எடுக்க மத்திய அரசு ஒரு தேசியத் திட்டம் தொடங்கியிருந்தது. மின் அமைச்சகத்தின் தீர்மானம் தகுதியை எழுதியது: பயன்தரும் மின்சாரம், அதோடு பயன்தரும் வெப்பத்தில் பாதி; இரண்டும் சேர்ந்து ஆலை நுகரும் ஆற்றலில் 45 சதவீதத்துக்கு மேல். பின்னால் வந்த மத்திய மின் ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளும் சக்கை ஆலைகளுக்கு அதே எட்டணாவைத்தான் பிடித்துக்கொண்டன. எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தைத்த சட்டையைக் கரும்புச் சக்கைக்கு மாட்டிவிட்டார்கள்.

சக்கை லேசுப்பட்ட எரிபொருள் இல்லை. அதில் பாதி தண்ணீர். வெல்லம் காய்ச்சும் கொட்டகைக்குப் போய்ப் பாருங்கள்: பிழிந்த சக்கையைக் களத்தில் விரித்து, வெயிலில் முறுகக் காயவைத்து, பிறகுதான் கொப்பரைக்குக் கீழே தள்ளுவார்கள். அடுப்பு வாயில் உட்கார்ந்து சக்கை தள்ளுகிற ஆளிடம் ஈரச் சக்கையைக் கொடுத்தால் நம் வம்சத்தையே விசாரிப்பார். ஆலைக்கு அந்தப் பொறுமை கிடையாது. பிழிந்த கையோடு ஈரமாகவே கொதிகலனுக்குப் போகிறது. எரியும்போது அந்த ஈரத்தை ஆவியாக்கவே வெப்பத்தில் ஒரு பகுதி போய்விடும்.

அந்த வீணான வெப்பம் எரிபொருள் கணக்கில் சேருமா, சேராதா? இங்கேதான் அடுத்த விளையாட்டு. சேர்த்தால் அது மொத்த கலோரி மதிப்பு. சக்கைக்குக் கிலோவுக்குச் சுமார் 2,250 கிலோ கலோரி. சேர்க்காவிட்டால் நிகர கலோரி மதிப்பு. அதே சக்கைக்குச் சுமார் 1,800. காய்ந்த கரியில் இந்த வித்தியாசம் அற்பம். சக்கையில் ஐந்தில் ஒரு பங்கு.

ஒரு டன் கரும்பை எடுத்துக் காகிதத்தில் ஓட்டிப் பார்ப்போம். எந்த ஆலையையும் குறிப்பதில்லை. உயர் அழுத்தக் கொதிகலன் வைத்த ஒரு நல்ல ஆலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கரும்பில் 30 சதவீதம் சக்கை, ஆக 300 கிலோ. அதன் மொத்த வெப்பத்தை மின் அலகில் சொன்னால் 785 யூனிட். நிகரக் கணக்கில் 628. கிடைக்கும் மின்சாரம் 130 யூனிட். சாறு காய்ச்சப் பயன்பட்ட வெப்பம் 310 யூனிட்.

விற்பனைப் பிரிவு எழுதும் கணக்கு: 130, 310 கூட்டினால் 440. நிகர மதிப்பு 628-ஆல் வகு. 70 சதவீதம். பளபளப்பான தாளில் அச்சடிக்கலாம். கொதிகலன் அறையில் இருப்பவர் மொத்த மதிப்பு 785-ஆல் வகுப்பார், 56. அரசாங்கத்தின் எட்டணாக் கணக்கில் வெப்பம் 155 ஆகிவிடும், கூட்டினால் 285; நிகரத்தில் 45.4. அப்பாடா, பாஸ். அதே எட்டணாவை மொத்த மதிப்பில் வகுத்தால் 36. பெயில். வெறும் மின்சாரத்தை மட்டும் பார்க்கிற நெய்வேலிக் கண்ணுக்கு 17. இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. சாறு காய்ச்ச எப்படியும் ஒரு கொதிகலன் எரித்திருப்போம், அதற்கான எரிபொருளைக் கழித்துவிட்டு மிச்சத்தில்தான் மின்சாரம் செய்தோம் என்று வாதாடினால், 54 சதவீதம் வரை ஏற்றிக் காட்டலாம். வாட் பூட்டிவைத்த பெட்டி ஞாபகம் வருகிறதா? எரித்திருக்கக்கூடிய, ஆனால் எரிக்காத கரி.

ஆலை ஒன்று, சக்கை ஒன்று, ஆபரேட்டரும் ஒருவர். 17-லிருந்து 70 வரை ஆறு விடை. ஆறும் சரி.

இதைவிடக் கூத்து, சிக்கனத்துக்குக் கிடைக்கும் தண்டனை. நியூ ஆர்லியன்ஸில் பிறந்த நார்பெர்ட் ரில்லியூ என்கிற கறுப்பினப் பொறியாளர் பாரீசில் படித்துவிட்டுத் திரும்பி, 1843-இல் ஒரு காப்புரிமை வாங்கினார். அதுவரை சாற்றைத் திறந்த கொப்பரைகளில் காய்ச்சி, அடிமைகள் கரண்டியால் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு முகந்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ரில்லியூ பாத்திரங்களை மூடினார். முதல் பாத்திரத்துச் சாற்றிலிருந்து கிளம்பும் ஆவி இரண்டாவதைக் காய்ச்சும். இரண்டாவதன் ஆவி மூன்றாவதை. அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போனால் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஒரே ஆவிக்கு மூன்று நான்கு வேலை. இன்று முண்டியம்பாக்கமானாலும் பிரேசிலானாலும் சாறு சுண்டுவது அந்த மனிதரின் யோசனையில்தான். அவரோ பிற்காலத்தில் ஊர் கொடுத்த அவமரியாதையில் சலித்து, பாரீசுக்கே போய், எகிப்தியச் சித்திர எழுத்தில் மூழ்கினார். சர்க்கரை ஆலை முதலாளிகளைவிட மம்மிகள் மேல் என்று தோன்றியிருக்கலாம்.

ரில்லியூ வழியில் இன்னும் ஒரு படி போய், நாம் காகிதத்தில் ஓட்டிய ஆலை டன்னுக்கு 100 கிலோ ஆவியை மிச்சம் பிடிக்கிறது என்று வையுங்கள். பயன்பட்ட வெப்பம் 61 யூனிட் குறையும். மிச்சமான ஆவி டர்பைனிலேயே கடைசிவரை ஓடி 11 யூனிட் மின்சாரம் கூடும். ஆலைக்கு லாபம், மின்வாரியத்துக்கு லாபம், சர்க்கரையில் ஒரு பருக்கையும் குறையவில்லை. எட்டணாத் தேர்வில் மதிப்பெண் 45-லிருந்து 42-க்கு இறங்கிவிடும். சாற்றைத் தண்டமாகக் காய்ச்சுகிறவன் பாஸ், சிக்கனக்காரன் பெயில். தேர்வு வைத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. வெப்பம் பயன்படுகிறதா என்று பார்க்க வந்தவர்கள், வெப்பம் தேவைப்பட்டதா என்று கேட்க மறந்தார்கள்.

இந்தத் தேர்வும் அரவைக் காலத்துக்கு மட்டும். தீர்மானத்திலேயே அப்படித்தான். அரவை முடிந்ததும் சாறு ஏது, காய்ச்ச? அப்போதும் டர்பைன் ஓடவேண்டுமென்றால் சேர்த்துவைத்த சக்கை, கரி, வேலிகாத்தான் என்று கிடைத்ததைப் போட்டு எரித்து, களைத்த ஆவியை நெய்வேலி வழக்கப்படி குளிரவைக்கவேண்டியதுதான். வருஷத்தில் பாதி நாள் இணை உற்பத்தி, மீதி நாள் தனிக்குடித்தனம்.

இத்தனை பங்காளிச் சண்டையிலும் கரும்பு போட்டவர் பெயர் வரவில்லை, கவனித்தீர்களா? வெட்டு உத்தரவுக்காகக் காத்திருந்து, ஆள் பிடித்து வெட்டி, வண்டியில் ஏற்றி, எடைமேடையில் நிறுத்தி ஒரு துண்டுச் சீட்டோடு வீடு திரும்புகிறவர் அவர். அவருக்கு விலை எடையையும் சர்க்கரைக் கட்டுமானத்தையும் வைத்து. கட்டுமானம் என்றால் நூறு கிலோ கரும்பில் எத்தனை கிலோ சர்க்கரை இறங்கியது என்பது, அளக்கிறவர் ஆலைக்காரர். கரும்பிலிருக்கும் சர்க்கரைக்குக் கட்டுமானக் கணக்கு உண்டு, சக்கையிலிருக்கும் வெப்பத்துக்குக் கிடையாது. கேட்டால், கரும்பு விலையிலேயே அதுவும் அடக்கம் என்பார்கள்.

இதைச் சரிசெய்யவும் கமிட்டிகள் வராமலில்லை. பார்கவா கமிஷன் சொன்னபடி 1974-இல் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையில் 5-ஏ என்று ஒரு விதி நுழைந்தது. ஆலையின் உபரி லாபத்தில் பாதி விவசாயிக்கு. இங்கேயும் எட்டணாதான். அது காகிதத்தில் பத்திரமாக இருந்துவிட்டு 2009-இல் ஓய்வு பெற்றது. 2012-இல் ரங்கராஜன் குழு வந்தது. சர்க்கரை, சக்கை, கழிவுப்பாகு, ஆலைக்கழிவு மண் எல்லாவற்றின் மதிப்பிலும் 70 சதவீதம் விவசாயிக்கு. அல்லது உபபொருள்களை விட்டுவிட்டு சர்க்கரையின் மதிப்பில் மட்டும் 75 சதவீதம். கிட்டத்தட்ட இரண்டும் ஒன்றுதான் என்றது குழு. தமிழ்நாடும் 2017-18 பருவத்திலிருந்து வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது.

இரண்டும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டுமானால் சக்கையின் விலை தெரியவேண்டும். மின் கட்டணம் நிர்ணயிக்கும்போது ஒழுங்குமுறை ஆணையம் சக்கைக்கு டன்னுக்கு இவ்வளவு என்று எரிபொருள் விலை போடுகிறது. அங்கே சக்கை காசு கொடுத்து வாங்கிய எரிபொருள். கரும்பு விலை பேசும் அறைக்குள் நுழைந்ததும் அதே சக்கை, கூடவே வந்த குப்பை. முண்டியம்பாக்கத்து எடைமேடையில் சீட்டு வாங்குகிறவர், தான் இறக்கிவிட்டுப்போன 300 கிலோவை எந்த அறையின் விலையில் எண்ணுவது என்று கேட்டால், இரண்டு அறைக்கும் சாவி வைத்திருப்பவரைத்தான் கேட்கவேண்டும். அவரோ அரவை முடியட்டும், பாக்கியோடு சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்கிறார்.